பன்னிரண்டு கம்பம், பதினாலு ஸ்தலம்

ஜன்னல் ஓரம் நீயே இரு மகளே. எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது. காற்றைக் கண்டாலே இப்போதெல்லாம் ஆபீஸ் ஞாபகம் வந்துவிடுகிறது.

ராமநாதபுரம் வரைக்குமா? நல்லது. நான் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்க வேண்டும். மகன் வீட்டுக்கு. ‘மகன் வீடு’ என்று சொல்லவே நாக்குக் கூசுகிறது. முப்பத்தொரு வருஷம் என் வீடுதான் அவன் வீடு. இப்போது ஆபீஸ்காரர்கள் அவனை என்னிடமிருந்து பிரித்து, நாலு மணி நேரம் பஸ்ஸில் வரும்படி தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். மாற்றல். ஒரு தாய் செபம் செய்த குற்றத்துக்காக.

சிரிக்காதே. முழுதும் கேட்டுவிட்டு நீயே சொல், யார் மேல் தப்பு என்று. உன்னைப் பார்த்தால் டீச்சர் மாதிரி இருக்கிறது. டீச்சரா? பார், சொன்னேனே.

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் போன மானம் போதும். கடலோரம், ஒரு கோயில், ஐந்நூறு வீடு. அவ்வளவு தெரிந்தால் போதும். என் பெயர் சலேத்தம்மாள். நாலாம் வகுப்பு. மூத்தவள் கன்னியாஸ்திரியாகி நாக்பூரில் இருக்கிறாள். இளையவன்தான் இந்த ததேயு. கைவிடப்பட்ட காரியங்களுக்கெல்லாம் பாதுகாவலர் யூதா ததேயு இல்லையா, அவர் பெயரை வைத்தேன். வீண்போகவில்லை. பிள்ளையே கைவிடப்பட்ட காரியமாகத்தான் வளர்ந்தான்.

என்னவென்றால், அவனுக்குக் கடல் ஆகாது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு, வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் ரோமான் நாலு தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். நாலு தரமும் மீனை இறக்குகிறதற்கு முன்னால் மகனைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. ஊரில் அவனுக்கு ‘வாந்தி’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். “வாந்தி வீட்ல இருக்கானா?” என்று வாசலில் வந்து கேட்பார்கள். பெண் கொடுப்பார்களா?

அப்படி இருக்கும்போதுதான் அந்த ரேடார் வந்தது.

ரேடார் என்றால் ஏரோப்பிளேனைப் பிடிக்கிறது என்று நினைப்பாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ரெஜினாள் என்று ஒருத்தி, எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்து செபம் செய்கிற குழுவில்தான் இருக்கிறாள், அவள் ஊர் முழுக்க, “சப்மரீனைப் பிடிக்கதாம், இனி நண்டு குஞ்சு கூடக் கரைக்கு வராது” என்று பரப்பிவிட்டாள். கடைசியில் பார்த்தால் இது கடலைப் பிடிக்கிற ரேடார். எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால், கரையோரமாக, பன்னிரண்டு கம்பம் நட்டார்கள். ஒரே நேர்கோடு. ஒரே இடைவெளி. சுற்றிலும் கம்பிவேலி, கதவு, பூட்டு. பக்கத்தில் ஏசி வைத்த ஒரு சின்ன அறை. மனுஷனுக்கு இல்லாத ஏசி மிஷினுக்கு.

நட வந்த பையன்கள் எனக்கு விளக்கிச் சொன்னார்கள். தள்ளி நிற்கிற வேறு கம்பத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலை ஒன்று தண்ணீர் மேலேயே ஓடுமாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுமாம். வழியில் கடல் அலைமேல் பட்டுத் திரும்பி வருமாம். திரும்பி வருவதை இந்தப் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள். யாருக்கு ஒரு துளி முந்தி வந்தது, யாருக்குப் பிந்தி வந்தது என்று பார்த்து, எந்தத் திசையில் எவ்வளவு உயர அலை, அதற்கு மேல் எந்தப் பக்கத்துக் காற்று என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம். பூசையில் நன்மை அப்பம் வாங்க நிற்கிற வரிசை மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

ரோமானுக்கு மட்டும் பொறுக்கவில்லை. “அலை எத்தன உயரம்னு தெரிய இம்புட்டுக் கம்பியா? என்னைய ஒரு நாற்காலியில உட்கார வையுங்கலே. டீ மட்டும் குடுங்க, நானே சொல்லுதேன்” என்று அந்தப் பையன்களிடம் போய் நின்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார்கள். வேலையை ததேயுவுக்குக் கொடுத்தார்கள். காவல் வேலை. சாவி அவனிடம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும், தூசி துடைக்க வேண்டும், யார் உள்ளே வந்தார்கள், யார் போனார்கள் என்று தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். கடலுக்குள் போகாமலே கடல் வேலை. அந்த வேலையைக் காட்டித்தான் ஜெசிந்தாவைக் கட்டி வைத்தேன். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். அந்த வேலை போனால் அவனுக்கு இந்த உலகத்தில் வேறு வேலை இல்லை, மகளே. அது எனக்கும் தெரியும்.

இந்த வருஷம் தவக்காலம் வந்தது. நீ இந்துவா? சரி, சொல்கிறேன். ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியைப் பதினாலு இடமாகப் பிரித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வோர் இடமாக நின்று நின்று செபம் செய்வோம். ஒவ்வொன்றும் ஒரு ஸ்தலம். எங்கள் ஊரில் கடற்கரை வழியாகத்தான் காலங்காலமாகப் போவது. இந்த வருஷம் கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போடுகிறோம் என்று லாரி லாரியாகப் பாறையைக் கொட்டி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். கோயிலுக்குள்ளேயே செய்வோம் என்றார் சாமியார். கோயிலுக்குள் என்ன இருக்கிறது? ஃபேன் இருக்கிறது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டா சிலுவை சுமப்பது?

அன்றைக்குப் பின்கதவைத் திறந்தேன். எதிரே கம்பங்கள். வரிசையாக, நேராக, கடலைப் பார்த்தபடி. ஆண்டவரே நட்டு வைத்த மாதிரி.

முதலில் ஃபாதர் லியாண்டரிடம் போனேன். அந்தச் சாமியார்தான், எங்கள் பங்குச்சாமியார். இளைய பிள்ளை, படிப்பு ஜாஸ்தி.

“அரசாங்க இடம்மா அது. எழுத்துல அனுமதி வாங்கணும்.”

“ஏன் ஃபாதர், ஆண்டவர் கவர்னர் பிலாத்துகிட்ட அனுமதி வாங்கியா சிலுவையத் தூக்கினாரு?”

“ஆமாம்மா. அப்படித்தான் தூக்கினாரு” என்றார்.

எனக்கு அந்த இடம் ஞாபகமில்லை. நான் வந்துவிட்டேன்.

பிறகு ததேயுவிடம் கேட்டேன். “முடியாதும்மா. உள்ள யாரும் வரக்கூடாது. வேலை போயிரும்” என்றான். யாரும் என்றால்? நான் யாரோவா? பத்து மாதம் சுமந்தவள். ஆனால் நான் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை, மகளே. எனக்குப் பிள்ளைகளை அதட்டித் தெரியாது. தட்டை மட்டும் தள்ளி வைத்தேன். தவக்காலம் இல்லையா, ஒருசந்தி இருப்பது வழக்கம்தானே. ஒருசந்தி என்றால் ஒரு வேளை சாப்பிடலாம். நான் அந்த ஒரு வேளையையும் ஒப்புக்கொடுத்துவிட்டேன். அவன் சோற்றில் கை வைக்கும்போது மட்டும் எதிரே உட்கார்ந்து செபமாலை சொல்வேன். மெதுவாகத்தான். துக்கத் தேவ ரகசியம், ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்கிற பகுதி.

“மாமி, சாப்பிடுங்க மாமி” என்று ஜெசிந்தா முதல் நாள் சொன்னாள். இரண்டாம் நாள் அவனிடம், என் காதில் விழும்படியே, “சாவியக் குடுத்துராதீங்க. மயங்கி விழுந்தா ஆஸ்பத்திரிக்கு நானே ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன்” என்றாள். நல்ல பெண்தான். வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு.

மூன்றாம் நாள் அவனே வந்து சாவியை என் மடியில் வைத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

காகிதப் படம் ஒட்டினால் கொண்டல் காற்றில் பறந்துவிடும். அதனால் பாமாயில் டின்னை வெட்டி விரித்து, தகரத்தில் படத்தை ஒட்டி, ஒவ்வொரு கம்பத்திலும் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினோம். ரோமான்தான் வெட்டிக் கொடுத்தார். பழைய காலண்டர்களிலிருந்து படம் எடுத்தேன். ஆறாம் ஸ்தலத்துக்கு மட்டும் படம் அகப்படவில்லை. வெரோணிக்காள் ஆண்டவர் முகத்தைத் துடைக்கிற இடம். ஒரு சோப்பு விளம்பரத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள், முகமும் சாந்தமாக இருந்தது, ஒட்டிவிட்டேன். ஊரே முழங்காலில் நின்று கும்பிட்டது. ரெஜினாள் மட்டும், “இந்தச் சோப்பு நுரையே வராதே” என்றாள். செபத்தில் கவனம் இல்லாதவள்.

ஆனால் கம்பம் பன்னிரண்டுதானே. பன்னிரண்டாம் ஸ்தலத்தில் ஆண்டவர் சாகிறார். பதிமூன்றில் இறக்கி மாதா மடியில் கிடத்துகிறார்கள், பதினாலில் அடக்கம். பன்னிரண்டோடு நிறுத்தினால் அவரைச் சிலுவையிலேயே தொங்கவிட்டு வீட்டுக்குப் போய் டீ குடிக்கிற மாதிரி ஆகாதா? நீயே சொல். பாழடைந்த அடிபம்பிலிருந்து இரண்டு இரும்புக் குழாயைப் பிடுங்கி, அதே வரிசையில், சிமென்ட் போட்டு நட்டோம். இடைவெளி ஒரு சாண் பிசகவில்லை. நானே கயிறு பிடித்து அளந்தேன். அரசாங்கம் நட்டதில்கூட அவ்வளவு ஒழுங்கு இருக்காது.

ரோமான் கையைத் தட்டிக்கொண்டு, “கவர்மெண்டு பன்னெண்டு குடுத்துச்சு. எம் பொண்டாட்டி அதைக் குட்டி போட வச்சிட்டா” என்றார். செபத்தின்போதும் இப்படித்தான் பேசுவார். நான் காதில் வாங்குவதில்லை.

முதல் வெள்ளி நல்லபடியாக நடந்தது. அறுபது பெண்கள், நாலு கிழவர்கள், ஒரு நாய்.

மறுநாள் காலை, ரேடார் கணக்குப்படி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: ‘அலை உயரம் மூன்று மீட்டர். மேற்கிலிருந்து பலத்த காற்று. கடலுக்குப் போக வேண்டாம்.’ நான் வெளியே வந்து பார்த்தேன். கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கிறது. ரோமான் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டே, “மேக்கேருந்து அடிக்குதாம்! எம் வேட்டி இந்தப் பக்கம் பறக்குது, கவர்மெண்டு காத்து அந்தப் பக்கம் அடிக்குது” என்றார். ஆனாலும் மீன்துறை ஆபீஸில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை. வள்ளம் இறங்கவில்லை. மறுநாளும் அதே. அடுத்த நாளும் அதே.

அடுத்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? ஆண்கள் வந்தார்கள்! வேலை இல்லாமல் சும்மா கிடக்கிறார்களே, எங்கே போவார்கள்? இருநூறு ஆண்கள், வேட்டி கட்டிக்கொண்டு, பதினாலு ஸ்தலமும் முழங்காலில். பத்தொன்பது வருஷமாக நான் இதற்குத்தான் நவநாள் செபம் சொன்னேன். ஃபாதர் லியாண்டருக்கே கண் கலங்கிவிட்டது. அரசாங்க இடம் என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கவனித்தாயா?

ததேயு மட்டும் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீஸிலிருந்து போன் மேல் போன். வயரைக் கழற்றிப் பார்த்தான், மாட்டிப் பார்த்தான், மிஷினைத் துடைத்தான். ஒருநாள் பதிமூன்றாம் ஸ்தலத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பக்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

“யம்மா, அந்த ரெண்டு குழாயவும் தகரத்தவும் எடுத்துருவமா? வர்றத பன்னெண்டு பேரு வாங்கணும். இப்ப பக்கத்துல ரெண்டு பேரு புதுசா நின்னு வாங்கி அவங்க மேல திருப்பி விடுதாங்க. எது எங்கேருந்து வருதுன்னு மிஷினுக்குக் குழம்பிப் போச்சு.”

“எந்த ரெண்டு பேருலே? ஆண்டவரும் மாதாவும்தான? அவங்க யாரயும் குழப்ப மாட்டாங்க. தவக்காலம் முடியட்டும். நாப்பது நாளு மிஷினும் தபசு இருக்கட்டும்.”

அவன் கட்டாயமாகச் சொல்லவில்லை, மகளே. கட்டாயமாகச் சொல்லியிருந்தால் நான் எடுக்காமல் இருப்பேனா? மூன்று தரம்தான் சொன்னான்.

மூன்றாவது வாரம் மிஷின் திடீரென்று மனம் மாறிவிட்டது. ‘அலை அரை மீட்டர், காற்று லேசானது’ என்றது. ஊரே துள்ளிக் குதித்துக்கொண்டு வள்ளத்தை இறக்கியது. ரோமான் ஒருத்தர்தான் கரையில் நின்று, “எலே, அடியில வீங்குது பாருங்கலே, கள்ளக்கடலு வருதுலே” என்று கத்தினார். நாற்காலியும் டீயும் கேட்கிற மனுஷன் பேச்சை யார் கேட்பார்கள்? காற்றே இல்லாமல் கடல் எழும்பி வருகிற நாள் அது. பத்து மணிக்கு எழும்பிவிட்டது. மற்ற வள்ளமெல்லாம் எப்படியோ கரை ஏறிவிட்டன. ரெஜினாள் புருஷன் பிலவேந்திரன் வள்ளம் மட்டும் கடலுக்குள் இருக்கிற பாறைப் பாருக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. உயிர் தப்பியது. காறை எலும்பு முறிந்தது. இஞ்சின் போனது.

உயிர் தப்பியது செபத்தால்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ரெஜினாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். தலை விரிந்து கிடந்தது. “பதினாலாம் ஸ்தலத்துல எம் புருஷனையே அடக்கம் பண்ணிருப்பியேட்டி!” என்றாள். வேறு என்னென்னவோ சொன்னாள். அவளுக்காகத் தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறேன், அவள் திருந்த வேண்டும் என்று. பிலவேந்திரன் இப்போது கோயிலில் இடது கையால்தான் சிலுவை அடையாளம் போடுகிறான். வலது கை நெற்றிக்கு ஏறவில்லை. அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

இரண்டு நாளில் வைதேகி மேடம் ஜீப்பில் வந்து இறங்கினாள். பெரிய ஆபீஸில் அலை, காற்றெல்லாம் பார்க்கிற மேடம். என் மகளைவிடச் சின்னவள். வேலிக்குள் போனாள். கம்பங்களை எண்ணினாள். திரும்ப அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாள்.

“ததேயு, நாம பன்னெண்டுதானே வச்சோம்?”

“ஆமா மேடம்.”

“இப்ப பதினாலு இருக்கு.”

“ஆமா மேடம்.”

ஆறாம் கம்பத்துக்குப் பக்கத்தில் போய்ச் சோப்புக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைக் கேட்டாள். அதுதான், யார் வந்தார்கள் என்று எழுதுகிற நோட்டு. புரட்டினாள். எல்லா நாளும் எழுதியிருந்தான், டீசல் உட்பட. வெள்ளிக்கிழமைகள் மட்டும் வெறும் பக்கம்.

“‘யாரும் வரலை’ன்னு ஒரு பொய்யாவது எழுதியிருக்கலாமே, ததேயு?”

“கை வரல மேடம்.”

“அப்ப வந்தவங்க பேரை எழுதியிருக்கலாம்.”

அவன் நோட்டை வாங்கி மூடினான். நான் பின்கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ‘நான்தான் மேடம்’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. செபமாலை பாதியில் இருந்தது. பாதியில் விடக் கூடாது இல்லையா.

அன்றைக்கே ரோமான் தகரங்களை அவிழ்த்து, கடப்பாரையால் இரண்டு குழாயையும் பெயர்த்து எறிந்தார். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

விசாரணை நகரத்து ஆபீஸில். வேலையிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று. நானும் போனேன். அவன் வர வேண்டாம் என்றான். தாய் வராமல் இருப்பாளா? முந்தின நாளே உட்கார்ந்து ஒரு கடுதாசி எழுதி வைத்திருந்தேன். நாலாம் வகுப்பு எழுத்துதான், ஆனால் தெளிவாக: ‘ஐயா, என் மகன் சாவி தர மறுத்தான். நான் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பட்டினி கிடந்தேன். தாய் செத்துப்போவாள் என்று பயந்து, வேறு வழியில்லாமல் தந்தான். அவன் மேல் தப்பில்லை.’ கீழே கையெழுத்து.

பெரிய ஆபீசர் அதை இரண்டு தரம் படித்தார். வயசானவர், அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அம்மா உயிருக்கு ஆபத்துன்னா மனுஷன் என்ன பண்ணுவான், வைதேகி? எச்சரிக்கை குடுத்து விட்டுடலாமே” என்றார். வைதேகி மேடமும் தலையை ஆட்டினாள். முடிந்தது, மகளே! அத்தோடு முடிந்தது. நான் மாதாவுக்கு நன்றி சொல்லக்கூடத் தொடங்கிவிட்டேன்.

அப்போது இந்தப் பாவி வாயைத் திறந்தான்.

“சார், அம்மா பட்டினி கிடக்கல.”

“என்னப்பா?”

“ரெண்டாம் நாள் மத்தியானம் அடுப்படியில பனங்கிழங்கு தின்னுட்டு இருந்தாங்க. சன்னல் வழியா பாத்தேன். உள்ள போனா வெக்கப்படுவாங்கன்னு வீட்டச் சுத்தி வந்து, செருப்பை உதறிச் சத்தம் பண்ணிட்டுத்தான் போனேன். சாவியக் குடுத்தது அதுக்கு அடுத்த நாளு.”

பனங்கிழங்குதான். மூன்றே மூன்று. மயக்கமாக வந்தது. பனங்கிழங்கு ஒரு சாப்பாடா? ஆனால் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள், ஒரு பியூன் உட்பட. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெத்த தாய் ஒளிந்து தின்றதை ஆபீஸில் போய்ச் சொல்லுவானா ஒருத்தன்? அதுவும் அவனைக் காப்பாற்றத்தான் நான் எழுதிக் கொண்டுபோனேன். இதுதான் மகளே என் மனக்குறை. வேறு ஒன்றும் இல்லை.

ஆபீசர் கேட்டார், “அப்ப எதுக்குப்பா சாவியக் குடுத்தே?”

“சும்மா குடுத்தேன் சார். எந் தப்புதான். பிலவேந்திரண்ணன் எலும்பு முறிஞ்சதும் எந் தப்புதான். அம்மாவுக்கு மிஷின் தெரியாது. எனக்குத் தெரியும்.”

சும்மா குடுத்தானாம்!

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு அவனை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம். வெளியே வந்து, “வேலை இருக்கும்மா. ஆனா இங்க இல்ல” என்றான். அவ்வளவுதான். கீழே கூட்டிக்கொண்டு போய் எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். அவன் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் தின்று முடிக்கிறவரை நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசித் துண்டை நான் காகிதத்தில் மடித்தேன். “முழுசும் சாப்பிடுங்கம்மா” என்றான்.

ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த வாரமே கிளம்பிவிட்டான். அவள் ஒரே நாளில் மூட்டை கட்டினாள். ஏழு மாத வயிற்றோடு. தைரியசாலி. போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், சிரித்த முகமாக. துக்கத்தை மறைக்கத் தெரிந்த பெண்.

இப்போது ஒரு மாதம் ஆகிறது. தினமும் போன் பண்ணுகிறான். “சாப்டீங்களா?” என்பான். “சாப்பிட்டேன்” என்பேன். “அப்பா?” என்பான். “இருக்காரு” என்பேன். வைத்துவிடுவான். முன்பெல்லாம் சின்ன விஷயத்தைக்கூடச் சொல்வான், மிஷினில் பல்லி புகுந்தது, சுருட்டை விரியன் வந்தது என்று. இப்போது சாப்டீங்களா மட்டும்தான்.

போன வாரம் வைதேகி மேடம் மறுபடி வந்தாள், மிஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க. இப்போதெல்லாம் சரியாகத்தான் சொல்கிறதாம். ரோமான் கரையில் நின்று ஒரு அளவு சொல்கிறார், மேடம் உள்ளேயிருந்து ஒரு அளவு சொல்கிறாள், இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வருகிறது. இரண்டு பேருக்கும் சிரிப்பு. நான் மேடத்துக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன், “எம் மகனை இங்கயே விட்டிருக்கலாமேம்மா? பிரிச்சுப் போட்டுட்டீங்களே” என்று.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இங்கயே இருக்கட்டும்னுதான் சார் சொன்னார். ததேயுதாம்மா வேற ஸ்டேஷன் கேட்டு எழுதிக் குடுத்தார்” என்றாள்.

நல்ல பெண்தான் அந்த மேடம். பாவம், எத்தனை ஸ்டேஷன், எத்தனை ததேயு. யாரோ ஒருத்தன் கேட்டதை இவன் பேரில் போட்டுக்கொண்டிருப்பாள். ஞாபகப் பிசகு. அப்படித்தான் இருக்கும். இல்லையா?

அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் மகளே? ஆமாமா, இல்லையா? சரி, விடு.

அன்றையிலிருந்து எனக்குச் செபமாலை பிசகுகிறது. இத்தனை வயசில் முதல் தரம். பத்து மணியை எண்ணி முடிக்கிறதற்குள் ‘சும்மா குடுத்தேன்’ என்று வந்து நிற்கிறது. தின்றதையும் பார்த்திருக்கிறான். நடிக்கிறேன் என்று தெரிந்திருக்கிறது. பிறகும் ஏன் கொண்டுவந்து மடியில் வைத்தான்? நாலாம் நாளும் நான் ஒளிந்து தின்னக் கூடாது என்றா? அலுத்துப்போயா? இந்தப் பொம்பளையிடம் இதற்குமேல் முடியாது என்றா? இதையெல்லாம் போனில் கேட்க முடியாது. கேட்டாலும், “சாப்டீங்களா?” என்பான்.

கண்டக்டர் என்ன சொல்கிறார்? அடுத்ததா? ஐயோ, அதற்குள் வந்துவிட்டதா? அந்தப் பையை எடுத்துக் கொடு மகளே.

இல்லை, யாரும் கூட்டிக்கொண்டு போக வரமாட்டார்கள். நான் வருவது அவனுக்குத் தெரியாது. சொன்னால், “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், பேறுகாலத்துக்கு ஜெசிந்தா அம்மா வர்றாங்க” என்பான். சொல்லிவிட்டுப் போனால் அவன் முகத்தைச் சரிப்பண்ணி வைத்துக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். சொல்லாமல் போனால்தான் தெரியும். கதவைத் திறந்து ‘யாரு’ என்று பார்க்கிற அந்த ஒரு நொடி இருக்கிறது பார், அதில் எழுதியிருக்கும். நான் பெத்த முகம். நாலாம் வகுப்புப் போதும் அதைப் படிக்க.

சந்தோஷம் இருந்தால் உள்ளே போவேன். இல்லையென்றால்... திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு இருக்கிறது என்று தெரியுமா உனக்கு? தெரியாதா? பரவாயில்லை. ஓட்டல் இருக்கும் இல்லையா பஸ் ஸ்டாண்டில்? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இது நிஜமாகவே சாப்பிடவில்லை, மகளே. சத்தியமாக. முதலில் அங்கே போய் வயிறு நிறைய இரண்டு தோசை தின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் அவன் கதவைத் தட்டப் போகிறேன்.